தீ தாங்கும் செங்கல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

கரீபியன் நாடான கயானாவில் ஏறத்தாழ 22 ஆண்டுகள் பிரதமராக இருந்த பொறியாளர் சாமுவேல் ஹைண்ட்ஸ் நாற்காலியை நிரப்பியவரா, நாட்டைத் தாங்கியவரா என்பது இன்றைய தலைப்பு. தாங்கியவரே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவி அம்மையார் மூன்று அம்புகளை எய்தார். கயானாவில் அதிகாரம் முழுவதும் குடியரசுத் தலைவர் கையில், பிரதமர் பதவி வெறும் அலங்காரம் என்பது முதல் அம்பு. இந்திய வம்சாவளியினரின் கட்சி, ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஒருவரை முகப்பில் நிறுத்திக்கொண்டது என்பது இரண்டாவது. மூன்றாவது, லிண்டன் நகரத்தில் நடந்த துப்பாக்கிச் சூடு. அந்த மூன்றாவது அம்பு தைத்தது அம்மா, மறைக்க மாட்டேன். கடைசியில் அதற்கு வருகிறேன்.

முதலில் மனிதரைப் பாருங்கள். 1943இல் கயானாவின் மகாய்க்கோனியில் பிறந்தவர். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்து 1967இல் பட்டம் வாங்கினார். பட்டத்தோடு ஊர் திரும்பி, டெமரேரா ஆற்றங்கரையில், பாக்சைட் என்னும் அலுமினியத் தாதுவை வெட்டியெடுக்கும் சுரங்க நகரமான லிண்டனில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே 25 ஆண்டுகள். பிரதமராகும் வரை அவர் தொழில் அதுதான்.

அந்தத் தொழிலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பூமியிலிருந்து வெட்டியெடுத்த பாக்சைட் மண்ணுக்குள் நீர் ஒளிந்திருக்கும். வெயிலில் காயவைத்தால் அது போகாது. சற்றே சாய்த்து வைத்த நீண்ட இரும்பு உருளைக்குள் மண்ணைக் கொட்டி, உருளையை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே 1,000 டிகிரியை வெகுவாகத் தாண்டிய வெப்பத்தில் வேகவைப்பார்கள். நீரெல்லாம் வெளியேறி, மண் இறுகி, மறுமுனையில் கல்லாக விழும். அந்தக் கல்லில் செய்த செங்கற்கள் உலகின் எஃகு உலைகளுக்கு உள்சுவராகப் போகின்றன. உலையைத் திறந்தால் எல்லோர் கண்ணும் தகதகவென்று ஓடும் எஃகின் மேல்தான் இருக்கும். சுவர்ச் செங்கலை ஒருவரும் பார்ப்பதில்லை. அதில் ஒரு கல் பெயர்ந்தால்தான் அது அங்கே இருந்ததே தெரியவரும். ஹைண்ட்ஸின் அரசியலை நான் அந்தச் செங்கலைக் கொண்டுதான் புரிந்துகொள்கிறேன்.

அவர் அரசியலுக்கு வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கயானாவில் 1964 முதல் ஒரே கட்சியின் தலைமையில்தான் ஆட்சி. தேர்தல்கள் நடந்தன, ஆனால் யாரும் அவற்றை நம்பவில்லை. அந்தக் கட்சியை நடத்திய ஃபோர்ப்ஸ் பர்னமின் முழுப் பெயரே லிண்டன் ஃபோர்ப்ஸ் சாம்ப்சன் பர்னம். நகரத்துக்கு லிண்டன் என்ற பெயர் வந்ததே அவரால்தான். அந்த நகரத்தில் வாழ்ந்துகொண்டு, ஆப்பிரிக்க வம்சாவளியில் பிறந்து, அதே சமூகத்தின் பேராதரவு பெற்ற அந்தக் கட்சிக்கு எதிராக, நேர்மையான தேர்தல் வேண்டும் என்று கேட்ட குடிமக்கள் இயக்கத்தில் முன்னணியில் நின்றவர் ஹைண்ட்ஸ். 1992 அக்டோபரில், ஜிம்மி கார்ட்டர் பார்வையாளராக வந்திருந்த தேர்தலில், இந்திய வம்சாவளித் தலைவர் செட்டி ஜகனின் கட்சியும் ஹைண்ட்ஸ் சார்ந்த குடிமக்கள் அணியும் கைகோத்து வென்றன. ஜகன் குடியரசுத் தலைவர், ஹைண்ட்ஸ் பிரதமர்.

முகப்பில் நிறுத்திவைத்த முகம் என்று அம்மையார் சொன்னார். அம்மா, அந்த நாட்டில் அரசியல் என்றாலே வம்சாவளிதான். பக்கத்து வீட்டுக்காரர் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பார் என்பதை அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நினைக்கும் நாடு. அங்கே சொந்தச் சமூகத்தின் கட்சியை விட்டு எதிர்ப்பக்கம் போய் நிற்பவருக்குச் சொந்த ஊரிலேயே என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று யோசியுங்கள். அலங்காரமாக இருக்க ஆசைப்பட்டவர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பாரா?

இப்போது முதல் அம்பை எடுத்து அம்மையாரிடமே தருகிறேன். அதிகாரம் முழுவதும் குடியரசுத் தலைவரிடம் என்றீர்கள். மிகச் சரி. 1997 மார்ச் 6 அன்று செட்டி ஜகன் வாஷிங்டனில் மருத்துவமனையில் காலமானார். அரசியல் சட்டப்படி அந்த நாற்காலி யாருக்கு வந்தது? ஹைண்ட்ஸுக்கு. நீங்கள் சொல்லும் அந்த முழு அதிகாரமும் ஒன்பது மாதங்களுக்கு மேல் அவர் கையில் இருந்தது. அதை வைத்து என்ன செய்தார்? பதினோராம் நாளில் ஜகனின் மனைவி ஜேனட்டைப் பிரதமராக நியமித்தார். ஆட்சியை நடத்தினார். டிசம்பரில் தேர்தல் வைத்தார். ஜேனட் குடியரசுத் தலைவரானார், இவர் மீண்டும் பிரதமர் நாற்காலிக்குத் திரும்பினார். அண்ணனின் பாதுகையை வைத்து ஆண்ட பரதனை நாம் கொண்டாடுகிறோம். பரதன் திருப்பிக் கொடுத்தது அண்ணனுக்கு உரியதை. ஹைண்ட்ஸ் விட்டு இறங்கியதோ சட்டம் தனக்கே கொடுத்த இடத்தை விட்டு.

கட்சி ஜகனுடையது, இவருக்கு வேறு வழி இல்லை என்பீர்கள். இருக்கலாம். உண்மையைச் சொன்னால், அவர் அப்போது இறங்கியிருக்கக் கூடாதோ என்று என் மனத்தின் ஒரு மூலையும் கேட்கத்தான் செய்கிறது. அந்தத் தேர்தலுக்குப் பிறகு தலைநகர் ஜார்ஜ்டவுன் தெருக்களில் கலவரம் மூண்டது. 1998 ஜனவரியில் கரீபியன் நாடுகள் வந்து சமரசம் பேச வேண்டியிருந்தது. ஆனால் எதிர்ப்பக்கம் போய் வேட்பாளராகி, வம்சாவளியை வைத்து வாக்குக் கேட்கும் வழியும் அவருக்கு இருந்தது. அந்த வழியில் அவர் ஓர் அடிகூட வைக்கவில்லை.

இதே மனிதர் 1999இல் மறுபடியும் விட்டுக்கொடுத்தார். உடல்நலக் குறைவால் ஜேனட் விலக முடிவு செய்தார். கட்சி அவருக்குப் பின் கொண்டுவர நினைத்தது 35 வயது நிதியமைச்சர் பரத் ஜக்தேவை. குடியரசுத் தலைவர் விலகினால் பிரதமர்தான் அந்த இடத்துக்கு வருவார். ஆகவே ஆகஸ்ட் 9 அன்று ஹைண்ட்ஸ் பிரதமர் பதவியை விட்டார். ஜக்தேவ் பிரதமரானார். ஆகஸ்ட் 11 அன்று ஜேனட் விலகினார், ஜக்தேவ் குடியரசுத் தலைவரானார், ஹைண்ட்ஸ் மீண்டும் பிரதமர். இரண்டே நாட்கள். தன்னைவிட இருபது வயது இளையவருக்குக் கீழே அடுத்த 12 ஆண்டுகள் வேலை பார்த்தார். அலங்காரப் பதவி என்கிறீர்களே, அந்த அலங்காரம் நகர்ந்து கொடுக்காமல் புதியவரால் உள்ளே வர முடியவில்லை! அது வாசல் நிலை அம்மா.

பொறியாளர் என்ற முறையில் மின்சாரத் துறை அவர் பொறுப்பில் இருந்தது, ஆனாலும் மின்வெட்டு ஒழியவில்லை என்று எதிரணித் தம்பி சொன்னார். மறுக்கவில்லை. மின் வாரியத்தின் பாதிப் பங்கை 1999இல் வெளிநாட்டு நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். 2003இல் திரும்ப அரசிடமே வந்தது. அமைலா அருவியில் 165 மெகாவாட் நீர்மின் திட்டம் 2013இல் நின்றுபோனது. ஆனால் 65 பேர் மன்றத்தில் 32 இடங்களோடு, பெரும்பான்மை இல்லாமல் அரசு நடந்த காலம் அது. முதலீட்டாளர் விலகியதற்கு நாடாளுமன்றத்தில் ஒற்றுமை இல்லாததும் காரணம்.

இனி லிண்டன். பாக்சைட் நிறுவனத்தின் காலத்திலிருந்து அந்த நகரத்து மக்கள் மின்சாரத்துக்குத் தலைநகரத்து விலையில் சிறு பங்குதான் கொடுத்துவந்தார்கள். 2012இல் அந்தக் கட்டணத்தை உயர்த்த முடிவெடுத்த அரசில், துறை ஹைண்ட்ஸ் கையில். ஜூலை 18 அன்று மக்கள் பாலத்தை மறித்தார்கள். காவல்துறை சுட்டது. மூன்று பேர் இறந்தார்கள். விசாரணை ஆணையம் காவல்துறையைத்தான் பொறுப்பாக்கியது என்று சொல்லி நான் நகர்ந்துவிடலாம். என் மனம் ஒப்பவில்லை. அந்தத் தெருக்களில் 25 ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு, வேலை குறைந்துபோன ஊரில் மின்கட்டணச் சீட்டு எப்படிக் கனக்கும் என்று யாரும் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை. கணக்கு சரியாக இருந்திருக்கலாம். ஊரை அவர் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். இது அவர் வாழ்வில் பிளந்த செங்கல். ஒரு கல் பிளந்ததால் சுவரே இருந்ததில்லை என்று தீர்ப்பு எழுதாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

2015 மே மாதம் கட்சி தோற்றது. அவருக்குப் பின் பிரதமராக வந்தவர் பெயர் மோசஸ் நாகமுத்து. நம் தமிழ் வம்சாவளியினர். கட்சியின் அடுத்த ஆட்சி வந்த பிறகு, 2021இல், ஹைண்ட்ஸை அமெரிக்காவுக்குத் தூதராக அனுப்பினார்கள். குடியரசுத் தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர், 77 வயதில், செட்டி ஜகன் உயிர் பிரிந்த அதே வாஷிங்டனுக்கு, இன்னொரு நாட்டுத் தலைவரிடம் தன் நியமனப் பத்திரத்தைக் கொடுக்கப் போனார்.

நடுவர் அவர்களே, நாற்காலியை நிரப்ப மட்டுமே தெரிந்தவர் அந்தப் பயணத்துக்குச் சம்மதித்திருப்பாரா என்று எதிரணியிடம் கேட்டு அமர்கிறேன். வணக்கம்.