பாமாயிலும் ஒரு கூன்வண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டில் எந்த எண்ணெயில் சமைக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், மரச்செக்கு எண்ணெய் என்று எதைச் சொன்னாலும் நம்பிக்கொள்கிறேன். ஆனால் தேநீரோடு பிஸ்கட் சாப்பிட்டீர்களா? பிள்ளைகள் பெட்டிக்கடையில் சிப்ஸ் வாங்கினார்களா? கல்யாண விருந்தில் ஐஸ்கிரீம் என்று கொடுத்த கப்பில் ‘ஃபுரோசன் டெசர்ட்’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததா? அப்படியானால் பெரும்பாலும் பாமாயில் உங்கள் வயிற்றுக்குள் போயிருக்கிறது. ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்குகிறவர்கள் தெரிந்து சாப்பிடுகிறார்கள். மற்றவர்கள் தெரியாமல் சாப்பிடுகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

உலகத்திலேயே பாமாயிலை அதிகமாக இறக்குமதி செய்யும் நாடு நம்முடையது. வருவதில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. அங்கே பாமாயில் தரும் எண்ணெய்ப்பனை நிற்கும் நிலத்தில் கணிசமான பகுதியில் முன்பு மழைக்காடு இருந்தது. காட்டை அழித்தது பேராசை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒரு பொருள் எப்படி இவ்வளவு மலிவானது, மலிவானதும் ஏன் காட்டின் மேல் போய் விழுந்தது என்பதுதான் கேள்வி.

நான் பூச்சியியல் படித்தவன். வேளாண் கல்லூரியில் அதையே சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். எந்தப் பாடத்தை எடுத்தாலும் ஒரு கூன்வண்டில்தான் கொண்டுவந்து முடிப்பார் என்று என் மாணவர்கள் கேலி செய்வார்கள். இன்று வண்டிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

எண்ணெய்ப்பனையின் தாய்வீடு மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாத் தீவில் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு நான்கே நான்கு கன்றுகள் வந்து சேர்ந்தன. அந்த நான்கின் வாரிசுகள்தாம் பிறகு சுமத்திராவையும் மலாயாவையும் நிறைத்தன. 1917இல் சிலாங்கூரில் வணிகத் தோட்டம் தொடங்கியது. மலேசியத் தமிழர்கள் செம்பனை என்று சொல்லும் மரம் இதுதான். ரப்பர் பால் வெட்டப் போன நம் மக்களில் பலருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறகு இந்தத் தோட்டங்களில் குலை வெட்டினார்கள், உதிரிப் பழம் பொறுக்கினார்கள்.

மரம் வந்தது, ஆனால் அதற்குத் துணையான பூச்சி வரவில்லை. இந்த மரத்தில் ஆண் பூங்கொத்து வேறு, பெண் பூங்கொத்து வேறு. ஒரே மரத்தில் இரண்டும் வெவ்வேறு காலத்தில் வரும். ஆகவே ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்துக்குப் போயாக வேண்டும். காற்று கொண்டுபோகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். காற்று கொண்டுபோகாத இடங்களில் மனிதர்கள் கொண்டுபோனார்கள். மகரந்தத்தை முகப்பவுடரில் போடுகிற டால்க் தூளோடு கலந்து, மரம் மரமாகப் போய், முள் நிறைந்த மட்டைகளுக்கு நடுவே கையை நுழைத்து, மலர்ந்த பெண் பூவைத் தேடி ஊத வேண்டும். இன்று மலராத பூவுக்கு மறுபடியும் வர வேண்டும். ஆயிரக்கணக்கான ஏக்கரில் இதைச் செய்ய எத்தனை கூலியாள் வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

யூனிலீவர் நிறுவனத்தின் தோட்டங்களில் வேலை பார்த்தவர் லெஸ்லி டேவிட்சன். ஆப்பிரிக்காவின் கேமரூனில் இருந்துவிட்டு போர்னியோ தீவில் மலேசியாவுக்குச் சொந்தமான சபாவுக்கு வந்தவர். கேமரூனில் யாரும் ஊதாமலே குலை நிறையக் காய்த்ததே, இங்கே ஏன் காய்க்கவில்லை என்று கேட்டார். அங்கே பூக்களைச் சுற்றிப் பூச்சிகள் மொய்த்துக் கிடந்தது அவருக்கு நினைவிருந்தது. காற்றுதான் என்று சாதித்த நிபுணர்கள் இருக்க, இவர் விடவில்லை. கடைசியில் ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தான் பூச்சியியலாளர் கேமரூனுக்குப் போய் ஆராய்ந்தார். கிடைத்தது எறும்பளவு கூன்வண்டு ஒன்று.

கூன்வண்டு என்றாலே நம் தென்னை விவசாயிகளுக்கு வயிறு கலங்கும். இது அந்தச் சிவப்புக் கூன்வண்டு அல்ல, பரம சாது. எண்ணெய்ப்பனையின் ஆண் பூ மலரும்போது சோம்பு வாசனை வீசும். ஆமாம், நம் அஞ்சறைப்பெட்டிச் சோம்புதான். அந்த வாசனைக்கு வண்டு வரும், தின்னும், அங்கேயே முட்டையிடும். பெண் பூவும் மலரும்போது அதே வாசனையை விட்டு விட்டு வீசும். வண்டு நம்பிப் போகும். அங்கே அதற்குத் தின்ன ஒன்றும் கிடையாது. ஏமாந்து திரும்பிவிடும், ஆனால் உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தத்தை விட்டுவிட்டுத்தான் திரும்பும். முழு நிலமும் இந்த ஏமாற்றத்தில்தான் காய்க்கிறது!

வேறு பயிரைத் தொடாது என்று சோதித்து உறுதி செய்துகொண்டு, 1981இல் மலேசியாவின் ஜொகூரில் இந்த வண்டை விட்டார்கள். மளமளவென்று பரவியது. குலையில் பாதியளவு பிடித்துக்கொண்டிருந்த காய், சுமார் 70 சதவீதத்துக்கு ஏறியது. ஊதுகிற வேலை அத்தோடு ஒழிந்தது. சம்பளம் கேட்காத, விடுமுறை எடுக்காத வேலையாள் கோடிக்கணக்கில் வந்துவிட்டால் எண்ணெய் மலியாமல் என்ன செய்யும்?

வண்டு மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. அரசாங்கக் கொள்கை, கடன், நம்மைப் போன்ற நாடுகளின் தேவை என்று எத்தனையோ சேர்ந்தன. பழைய ரப்பர் தோட்டங்களே எண்ணெய்ப்பனையாக மாறிய இடங்களும் நிறைய உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். 1980இல் மலேசியாவில் சுமார் 10 லட்சம் ஹெக்டேர், இன்று 55 லட்சத்துக்கு மேல். இந்தோனேசியாவில் அன்று சுமார் 3 லட்சம், இன்று ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிட்டது.

சரி, மலிவானது ஏன் காட்டின் மேல் விழ வேண்டும்? இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். தேங்காயை வெட்டிக் குவித்து வைக்கலாம், விலை ஏறும்வரை காத்திருக்கலாம். எண்ணெய்ப்பனைக் குலை அப்படியல்ல. வெட்டிய பழத்தில் அமிலம் ஏறத் தொடங்கிவிடும். ஒரு நாளைக்குள் ஆலையில் ஆவியில் வேகவைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் தரம் கெட்டுவிடும். ஆகவே ஆலை தோட்டத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும். ஆலை கட்டிவிட்டால் ஆண்டு முழுவதும் அதற்குத் தீனி போட வேண்டும். அதற்குச் சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் ஒரே பயிராக, நடுவே லாரி போகிற சாலைகளோடு வேண்டும். வீட்டுக் கொல்லையில் நாலு மரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு நாள் கெடு, அதனால் ஆலை, அதனால் பெருந்தோட்டம். அவ்வளவு பெரிய நிலம் ஒரே துண்டாக எங்கே மலிவாகக் கிடைக்கும்? காட்டில்தான்.

சபாவில் கினபதாங்கான் என்றொரு ஆறு. படகில் போனால் மூக்கு நீண்ட குரங்குகள், யானைகள், அதிர்ஷ்டமிருந்தால் ஒராங்குட்டான் என்று கரையிலேயே பார்க்கலாம். எவ்வளவு விலங்குகள் என்று சுற்றுலா போனவர்கள் பூரித்துப்போகிறார்கள். கரையோரம் மெல்லிய பட்டையாகத்தான் பல இடங்களில் காடு மிஞ்சியிருக்கிறது, அதற்குப் பின்னால் எண்ணெய்ப்பனை. போக வேறு இடம் இல்லாததால்தான் இத்தனையும் கரைக்கு வந்து கண்ணில் படுகின்றன.

சுமத்திராவிலும், போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானிலும் இன்னொரு கொடுமை. அங்கே இலைதழை மட்கி மட்கிப் பல அடி ஆழத்துக்குச் சேர்ந்த சதுப்புக் காடுகள் உண்டு. கால்வாய் வெட்டி நீரை வடித்தால் மண்ணே விறகாகிவிடும். 2015இல் இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்து, புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. காகிதக் கூழுக்கான மரத்தோட்டங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

அப்படியானால் பாமாயிலை நிறுத்திவிடலாமா என்று கேட்பீர்கள். ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப்பனை மூன்று டன்னுக்கு மேல் எண்ணெய் தரும், சோயா அரை டன்தான் தரும். பாமாயிலை விரட்டிவிட்டு சோயாவுக்குப் போனால் பிரேசிலில் அதைவிட அதிக நிலம் போகும். இன்னொரு முடிச்சும் இருக்கிறது. எண்ணெயை வனஸ்பதி போல உறைய வைக்கும்போது உண்டாகும் கெட்ட கொழுப்பு டிரான்ஸ் கொழுப்பு. 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் உணவுக் கொழுப்பில் அது 2 சதவீதத்துக்கு மேல் கூடாது. நல்ல விதிதான். ஆனால் இயல்பாகவே பாதி உறைந்து நிற்கும் பாமாயில் அந்த வனஸ்பதியின் இடத்துக்குத் தோதாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார். காடழிக்காத பாமாயிலுக்கு 2008 முதல் சான்றிதழ் தருகிறார்கள், உலக உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு அது இருக்கிறது, நம் சந்தையில் அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு என்பதோடு அதை விட்டுவிடுகிறேன். மிசோரத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், இரண்டு நிமிடத்தில் முடிக்கிறேன். 2021இல் நம் அரசு 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப்பனைத் திட்டம் அறிவித்தது. வடகிழக்கும் அந்தமானும் குறிப்பான இலக்கு. மிசோரத்தில் டம்பா புலிகள் காப்பகத்தை ஒட்டி ஆராய்ந்தவர்கள், காட்டுப் பறவைகளுக்கு எண்ணெய்ப்பனையைவிட காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்டு, பிறகு இடம் மாறிப் போகும் மலைமக்களின் ஜூம் சாகுபடி நிலமே மேல் என்று கண்டார்கள். மலைச் சாலையில் குலைகள் ஆலைக்குப் போய்ச் சேராமல் அழுகி, விவசாயிகள் நொந்துபோனதும் அங்கேதான். பக்கத்திலேயே ஓர் ஆலை கட்டிக்கொடுத்தால் போதுமே என்கிறார்கள். கட்டலாம். அதற்கு அடுத்த நாளிலிருந்து அந்த ஆலைக்குத் தீனி எங்கிருந்து வரும் என்பதை யாராவது இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.