என் பையில் என்ன இருக்கு? நண்பர்களை மடக்கக் கேள்வி கேட்பது எப்படி

(திரையில்: மாமாக் கடை மேசை. நுரை காய்ந்த தே தாரிக் கிளாஸ்கள். நடுவில் ஒரு டிஷ்யூ பேப்பர், அதில் பேனாவால் கிறுக்கிய மதிப்பெண்கள்.)

வணக்கம். இந்த டிஷ்யூ பேப்பர் இருக்கிறதே, இது என் அவமானச் சின்னம். போன வெள்ளிக்கிழமை ராத்திரி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில் ஐந்து பேர் உட்கார்ந்து, ஆங்கில எழுத்தாளர் டோல்கின் படைத்த மிடில் எர்த் உலகத்தைப் பற்றி ஒருவரையொருவர் கேள்வி கேட்டு மடக்கிக்கொண்டிருந்தோம். தோற்றவர்தான் பில் கட்ட வேண்டும், போன் எல்லாம் மேசை நடுவில் குப்புறக் கிடக்க வேண்டும். அன்றைக்கு பில் கட்டியது நான். ஐந்து தே தாரிக், மூன்று ரொட்டி சானாய், ஒரு மீ கோரேங். காசு போனால் போகட்டும், நான் கேட்ட கேள்வியில் நானே போய் விழுந்தேன், அதைத்தான் தாங்க முடியவில்லை.

கேள்வி இதுதான்: காயம்பட்ட கதாநாயகன் ஃபுரோடோவைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்தது யார்?

2001இல் வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தைப் பார்த்தவர்கள் உடனே ஆர்வென் என்பார்கள். எங்கள் கூட்டத்து அண்ணன் ஒருவர் அப்படித்தான் சொன்னார், நானும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன், ஏனென்றால் புத்தகத்தில் அந்த இடத்தில் வருவது குளோர்ஃபின்டெல் என்ற எல்ஃப். அதைச் சொல்லி மார்தட்டலாம் என்று வாயைத் திறந்தேன். எதிரே இருந்த அக்கா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "தம்பி, குதிரைதான் அவரோடது. ஆத்தைத் தாண்டும்போது ஃபுரோடோ தனியாத்தான் போறான். யாரும் ஏத்திக்கிட்டுப் போகலை" என்றார்.

போன் தடை என்பதால் அக்கா தன் பையிலிருந்து புத்தகத்தையே எடுத்தார். ஆமாம், மாமாக் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆள். பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. குதிரையின் பெயர் அஸ்ஃபாலோத், அதன் மேல் ஃபுரோடோ ஒற்றை ஆளாகத்தான் கரையேறுகிறான், அக்கரையில் நின்று ஒன்பது கறுப்புக் குதிரைவீரர்களையும் பார்த்துப் போங்கள் என்று சொல்வதும் அவனேதான்.

ஆனால் என்னை மண்ணைக் கவ்வ வைத்த அந்தக் கேள்வி உண்மையில் நல்ல கேள்வி. படம் மட்டும் பார்த்தவர் ஒரு பதில் சொல்வார், புத்தகத்தை ஒரு தடவை படித்து மறந்தவர் இன்னொரு பதில் சொல்வார், திரும்பத் திரும்பப் படித்தவர் கேள்வியே தப்பு என்பார். யார் எந்த வாசல் வழியாக அந்த உலகத்துக்குள் போனார்கள் என்பது அவர்கள் சொல்லும் தப்பான பதிலிலேயே தெரிந்துவிடும்.

(திரையில்: 144 என்ற எண்.)

வெறும் ஞாபகசக்தியைச் சோதிக்கிற கேள்வியில் இது நடக்காது. ஃபுரோடோவை வளர்த்த பில்போவின் பிறந்தநாள் விருந்தில் தனிப் பந்தலில் சாப்பிட அழைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் 144 என்று யாரோ சொல்வார்கள், அவ்வளவுதான், அடுத்து. அதையே ஏன் 144 என்று கேட்டுப் பாருங்கள். பில்போவுக்கு அன்றைக்கு 111 வயது, அதே நாளில் பிறந்த ஃபுரோடோவுக்கு 33, இரண்டையும் கூட்டினால் 144. பில்போ நாற்காலியில் ஏறி நின்று அதை 'ஒரு குரோஸ்', அதாவது பன்னிரண்டு டஜன் என்று சொன்னதும் கூட்டத்தில் கைதட்டலே இல்லை, பெட்டி நிரப்பக் கொண்டுவந்த சாமான் மாதிரி நம்மை எண்ணியிருக்கிறானே என்று விருந்தாளிகளுக்கு முகம் சுண்டிப்போகிறது. நம் ஊர்க் கல்யாணத்தில் தலையை எண்ணி இலை போட்டால் சொந்தக்காரர்கள் விடுவார்களா?

சரி, இப்போது தலைப்புக்கு வருகிறேன். 1937இல் வந்த 'தி ஹாபிட்' கதையில், இருட்டுக் குகைக்குள் பில்போவும் கொல்லும் என்கிற பிராணியும் விடுகதைப் போட்டி வைக்கிறார்கள். (பெயரைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வருகிறது, ஆளுக்குப் பொருத்தம்தான்.) மலை, பல், காற்று, முட்டை, மீன் என்று போகும் அந்த விடுகதைகள் நம் பாட்டிமார் போடுவது போலத்தான் இருக்கும். 'அம்மா படுத்திருக்க, மகள் ஓடித் திரிவாள்' என்றால் அம்மியும் குழவியும் இல்லையா, அந்த மாதிரி, விடை கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கும். கொல்லும் போட்ட கடைசி விடுகதைக்கு மட்டும் பில்போவுக்கு விடையே தெரியாது. யோசிக்க இன்னும் நேரம் கொடு என்று கேட்க நினைக்கிறான், பயத்தில் 'நேரம், நேரம்' என்று மட்டும்தான் வாயில் வருகிறது, விடையும் அதுவேதான். அதிர்ஷ்டம் என்றால் அப்படி.

அப்புறம் பில்போவுக்கு விடுகதை தீர்ந்துபோகிறது. கை தற்செயலாகப் பைக்குள் போக, "என் பையில் என்ன இருக்கு?" என்று தனக்குத்தானே முணுமுணுக்கிறான். கொல்லும் அதைப் போட்டிக் கேள்வி என்று நினைத்துக் கத்துகிறது, பிறகு மூன்று வாய்ப்பு கேட்டு வாங்கிக்கொள்கிறது. கைகள், கத்தி, கடைசியில் கயிறு இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. எல்லாம் தப்பு. இருந்தது மோதிரம்.

இது கள்ளாட்டம்தானே? அந்தச் சந்தேகம் டோல்கினுக்கும் இருந்திருக்கிறது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முன்னுரையில் அதைப் பற்றிப் பேசுகிறார். அது விடுகதையா, சும்மா கேள்வியா என்பதில் விவரம் தெரிந்தவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டாம், ஆனால் கொல்லும் அதை ஏற்று ஊகிக்க ஆரம்பித்துவிட்டதால் கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டதுதான் என்பதில் எல்லோருக்கும் சம்மதமாம். எங்கள் மேசையிலும் இதுதான் சட்டம். கேள்வி சரியில்லை என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஒரு பதிலைச் சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது.

இதே இடத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. பில்போ ஜெயித்தால் கொல்லும் என்ன செய்வதாக ஒப்புக்கொண்டது? வெளியே போக வழி காட்டுவதாக, என்பீர்கள். 1937 பதிப்பில் அப்படி இல்லை, பரிசாக மோதிரத்தையே தருவதாக இருந்தது, அது காணாமல் போனதும் பாவம், மன்னிப்பெல்லாம் கேட்டுவிட்டு வழி காட்டியது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற பெரிய கதையை எழுதும்போது அந்த மோதிரம் யாரும் மனசார விட்டுக்கொடுக்க முடியாத பொருளாக மாறிவிட்டதால், 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தையே மாற்றினார்கள். பழைய கதை என்ன ஆனது தெரியுமா? அது பில்போ மற்றவர்களிடம் அவிழ்த்துவிட்ட பொய் என்று உலகத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார். அதனால் பதிப்பைச் சொல்லாமல் இந்தக் கேள்வியை யாராவது போட்டால் முதலிலேயே மறுத்துவிடுங்கள்.

முடிவே இல்லாத கேள்வி வேண்டுமா, பால்ரோக்கை எடுங்கள். மோரியா சுரங்கத்தில் வரும் அந்த நெருப்புப் பூதத்துக்கு இறக்கை உண்டா? முதலில் அதைச் சுற்றியிருந்த நிழல் இரண்டு பெரிய இறக்கைகள் போல விரிந்தது என்று எழுதியிருக்கிறார். கொஞ்சம் தள்ளி, அதன் இறக்கைகள் சுவருக்குச் சுவர் விரிந்தன என்கிறார். உண்டு என்று அண்ணன். இருந்தால் காலடியில் பாலம் உடைந்து விழுந்தபோது ஏன் பறக்கவில்லை என்று அக்கா. இந்தக் கேள்விக்கு மதிப்பெண் போட முடியாது, ஆனால் நாங்கள் அதிக நேரம் கத்தியது இதற்குத்தான். "விங்ஸ் இருக்கு!" "விங்ஸ் இல்லை!" என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தபோது கடைக்காரத் தம்பி துணியோடு ஓடி வந்தார்.

"அண்ணே, விங்ஸ் முடிஞ்சிருச்சு. ஆயாம் கோரேங் கோழித் தொடை மட்டும்தான் இருக்கு, வேணுமா?"