வரவெல்லாம் வருமானம் அல்ல

வணக்கம் உறவுகளே.

பிரித்தானியாவில் பெனிபிட், அதாவது அரசின் உதவிப்பணம், எடுக்கிற ஒருவர்மேல், வருமானத்தை மறைத்தார் என்று குற்றம் சாட்டும்போது மூன்று வேறு வேறு கேள்விகளை ஒன்றாகக் கட்டித்தான் கேட்கிறார்கள். பணம் வந்ததா? வந்த பணம் சட்டப்படி அந்தக் காலத்து வருமானமா? வருமானம்தான் என்றால், தெரிந்துகொண்டே மறைத்தாரா? முதல் கேள்விக்கு "ஓம், வந்தது" என்று உண்மையைச் சொன்னவர், மற்ற இரண்டுக்கும் சேர்த்து ஒப்புக்கொண்டதாகப் பதிவாகிவிடும் ஆபத்து இருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்ப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. நான் சொல்லும் நடைமுறைகள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்கொட்லாந்தில் விசாரணை முறை வேறு.

கடிதத்தைப் படிக்கும்போது முதலில் ஒன்றைத் தேடுங்கள். "இன்டர்வியூ அண்டர் கோஷன்", அதாவது சட்ட எச்சரிக்கை சொல்லி நடத்தும் நேர்முகம், என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அது பெரும்பாலும் கணக்குச் சரிபார்ப்புச் சந்திப்பு. அதற்குப் போகத்தான் வேண்டும், கேட்ட ஆவணங்களைக் கொடுக்கத்தான் வேண்டும். அந்தச் சொற்கள் இருந்தால் அது குற்ற விசாரணை. 1984ஆம் ஆண்டின் பொலிஸ் மற்றும் குற்றச் சான்றுச் சட்டத்தின் விதிகளின்படி நடக்கும், நீங்கள் சொல்வது ஒலிப்பதிவாகி நீதிமன்றம் வரை போகலாம். இரண்டுக்கும் ஒரே மாதிரிப் போய் உட்காரக் கூடாது.

சந்தேகம் எங்கிருந்து பிறக்கிறது? பெரும்பாலும் ஆளிடமிருந்து அல்ல, தரவிலிருந்து. முதலாளி சம்பளம் போடும் நாளிலோ அதற்கு முன்போ அந்தத் தொகையை வரித் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தகவல் அப்படியே, வருமானம் குறைந்தவர்களுக்கான பெனிபிட்டாகிய யூனிவர்சல் கிரெடிட்டின் கணக்குக்குள் வந்து விழுகிறது. இதில் வரும் பிழைகள் தெரிந்தவைதான். முதலாளி பிந்தி அனுப்பினால் இரண்டு மாதச் சம்பளம் ஒரு மாதத்தில் தெரியும். சம்பளப் பட்டியலில் ஊழியர் எண்ணை மாற்றினால் ஒரே வேலை இரண்டு வேலையாகத் தெரியும். வேலையை விட்ட திகதியை அனுப்ப மறந்தால் இல்லாத வேலை தொடரும். நான்கு கிழமைக்கு ஒருமுறை சம்பளம் எடுப்பவர்களுக்கு எந்தப் பிழையும் இல்லாமலே இது நடக்கும்: வருடத்துக்கு 13 சம்பளம், ஆனால் 12 கணக்கு மாதம். ஏதோ ஒரு மாதத்தில் இரண்டு சம்பளம் விழுந்தே தீரும்.

ஆகவே மறுப்பதற்கு முன் அவர்கள் பார்ப்பதை நீங்களும் பாருங்கள். வரித் திணைக்களத்தின் இணையக் கணக்கில் உங்கள் பெயரில் எந்த முதலாளி, எந்தத் திகதியில், எவ்வளவு அனுப்பினார் என்று தெரியும். பேஸ்லிப்பையும் வங்கிப் பதிவையும் அதன் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் ஜேர்னலில், அதாவது யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் செய்தி எழுதும் பகுதியில், திகதியோடும் தொகையோடும் எழுதி மறுக்க வேண்டும். தொலைபேசியில் சொல்லிவிட்டேன் என்பது பின்னால் உதவாது. எழுதியதைப் படமெடுத்து வையுங்கள்.

அடுத்தது வங்கிக்கணக்கு. நம் சமூகத்துக்கு இங்கேதான் அதிக ஆபத்து. 20 பேர் சேர்ந்து மாதம் 500 பவுண் சீட்டுக் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுப் பிடிப்பவரின் கணக்கில் மாதாமாதம் 9,500 பவுண் மற்றவர்களிடமிருந்து வந்து சேரும். கூட்டிப் பார்க்கும் அதிகாரிக்கு அது வியாபாரம் போலத் தெரியும். ஆனால் அது அவருடைய பணமே அல்ல, கைமாறிப் போகும் பணம். அதை நிரூபிக்க யார் யார், எந்த மாதம், யாருக்குப் போனது என்ற சீட்டுக் கொப்பி வேண்டும். எடுத்த மாதத்தில் 10,000 பவுண் வாங்கியவருக்கும் அது வருமானம் இல்லை.

ஆனால் அத்தோடு முடியவில்லை, கவனியுங்கள். அந்தப் பணம் கணக்கில் தங்கினால் சேமிப்பாகிறது. யூனிவர்சல் கிரெடிட்டில் 6,000 பவுண் வரை பாதிப்பில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4.35 பவுண் வருமானம் வருவதாகக் கொள்வார்கள். 10,000 பவுண் இருந்தால் மாதம் 69.60 பவுண் வெட்டு. 16,000 பவுணைத் தாண்டினால் உரிமையே இல்லை. இனிக் கட்ட வேண்டிய சீட்டு மாதங்களைப் பொதுவாகக் கழித்துத் தர மாட்டார்கள். அதனால் சேமிப்பை அறிவிக்கத்தான் வேண்டும். ஆனால் சேமிப்பை அறிவிக்காததும் சம்பளத்தை ஒளித்ததும் ஒன்றல்ல, தொகையிலும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. கைமாற்றாக வாங்கிய கடன், அண்ணன் பிள்ளைக்கு அனுப்பிய அன்பளிப்பு, ஊருக்கு அனுப்பச் சொல்லி உறவினர் போட்ட பணம், எல்லாம் இப்படித்தான். யூனிவர்சல் கிரெடிட்டில் இவை சம்பளமும் அல்ல, வருமானமும் அல்ல.

சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு இன்னொன்று. டெலிவரி ஓட்டுபவரின் கணக்கில் விழும் மொத்தத் தொகை அவருடைய வருமானம் அல்ல. தொழிலுக்கான செலவைக் கழித்த மிச்சம்தான் கணக்கு. காருக்கு மாதம் முதல் 833 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ் கழிக்க வழி இருக்கிறது. மைல் குறித்த கொப்பி இல்லாதவர் அந்தக் கழிவை இழக்கிறார்.

பராமரிப்பாளர் கொடுப்பனவு, அதாவது கேரர்ஸ் அலவன்ஸ், பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தாயை, தகப்பனை, மாற்றுத்திறனுள்ள பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சில மணி நேரம் வேலைக்குப் போகிறவர்கள்மேல் இந்தப் பழி விழுவது எனக்குப் பெரும் வேதனை. 2024 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டில் வாரச் சம்பள எல்லை 151 பவுண், கொடுப்பனவு 81.90 பவுண். 152 பவுண் உழைத்தால் ஒரு பவுண் மட்டும் குறையாது, 81.90 முழுவதும் போய்விடும். வருடம் முழுக்க அப்படி உழைத்திருந்தால் 52 பவுண் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு 4,258.80 பவுண் திருப்பிக் கேட்பார்கள். வரித் திணைக்களத்தின் தரவு பெனிபிட் கொடுக்கும் திணைக்களத்தின் கையில் இருந்தும், அதில் வந்த எச்சரிக்கைகளில் ஒரு பகுதியைப் பார்க்காமல் விட்டதால் பலருக்கு இந்தக் கடன் வருடக்கணக்காக வளர்ந்தது.

ஆனால் எல்லையோடு ஒப்பிட வேண்டியது பேஸ்லிப்பில் மேலே தெரியும் மொத்தத் தொகை அல்ல. வருமான வரி, நேஷனல் இன்சூரன்ஸ், ஓய்வூதியக் கட்டணத்தில் பாதி ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். 155 பவுண் சம்பளத்தில் 8 பவுண் ஓய்வூதியத்துக்குப் போனால் 4 பவுணைக் கழித்து 151. அவர் எல்லைக்குள் நிற்கிறார். நீங்கள் வேலையில் இருக்கும்போது நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவருக்குக் காசு கொடுத்துப் பார்க்க வைத்தால், சம்பளத்தின் பாதி வரை அந்தச் செலவையும் கழிக்கலாம். வாரத்துக்கு வாரம் சம்பளம் மாறுகிறவர்களுக்குச் சராசரி எடுக்கவும் விதி இருக்கிறது. இந்தச் சராசரி விடயத்தில் 2015 முதல் பெனிபிட் கொடுக்கும் திணைக்களத்தின் சொந்த வழிகாட்டலே சட்டத்தோடு பொருந்தவில்லை என்று லிஸ் சேஸ் தலைமையிலான சுயாதீன ஆய்வு 2025 நவம்பரில் சொன்னது. அரசு அதை ஏற்றுப் பழைய வழக்குகளை மீண்டும் பார்ப்பதாக அறிவித்தது. அந்தக் காலத்துக் கடன் கடிதம் வீட்டில் இருந்தால் எடுத்து வையுங்கள்.

இனி கோஷன் நேர்முகம். போவது கட்டாயமல்ல, ஆனால் போகாவிட்டால் உங்கள் பக்கம் இல்லாமலே முடிவெடுப்பார்கள். ஆகவே தயாராகப் போங்கள். எந்தக் காலம், எந்தப் பணம், எந்த ஆதாரம் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். சட்டத்தரணியைத் தேட நேரம் வேண்டுமென்றால் திகதியைத் தள்ளக் கேட்கலாம். பொலிஸ் நிலையத்தில் கிடைப்பது போல இலவசச் சட்டத்தரணி அங்கே காத்திருக்க மாட்டார். ஆனால் வருமானம் குறைந்தவர்களுக்கு லீகல் எய்ட், அதாவது அரசு செலவில் தரும் சட்ட உதவி, மூலம் முன் ஆலோசனை கிடைக்க வழியுண்டு, குற்றவியல் சட்டத்தரணிகளிடம் அதைக் கேட்டு விசாரியுங்கள்.

அங்கே போய் ஊகித்துச் சொல்லாதீர்கள். மூன்று வருடத்துக்கு முந்திய திகதியைக் கேட்டால், "நினைவில்லை, பதிவைப் பார்த்துச் சொல்கிறேன்" என்பதுதான் உண்மையான பதில். தவறாக ஊகித்த திகதி பின்னால் பொய்யாகக் காட்டப்படும்.

மொழிபெயர்ப்பாளர் இலவசம், உங்கள் உரிமை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் இருத்தாதீர்கள். "கைமாற்றாக வாங்கினேன்" என்பதை யாராவது அவசரத்தில் "கேஷ் இன் ஹேண்ட்" என்று சொல்லிவிட்டால், ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் கணக்கில் காட்டாத சம்பளம். "மச்சானின் கடையில் நின்றேன்" என்றால் வேலை செய்தேன் என்றும் எடுக்கலாம், ஒரு மணி நேரம் துணைக்கு நின்றேன் என்றும் எடுக்கலாம். எவ்வளவு நேரம், காசு வாங்கியதா இல்லையா என்று நீங்களே பிரித்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். 1992ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டத்தின் 111ஏ பிரிவின் கீழ் நேர்மையின்மை நிரூபிக்கப்பட வேண்டும். 112ஆம் பிரிவுக்கும் நீங்கள் அறிந்து செய்தது வேண்டும். மறதி, விளங்காமை, முதலாளியின் பிழை இவை குற்றமல்ல. ஆனாலும் யூனிவர்சல் கிரெடிட்டில் திணைக்களத்தின் பிழையால் கூடுதலாக வந்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியும். எனவே பணம் கட்டச் சொல்லும் கடிதம் மோசடிக்குத் தீர்ப்பு அல்ல.

அந்தக் கடன் தொகையைத் தனியாக எதிர்க்க வேண்டும். முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் கட்டாய மறுபரிசீலனை, அதாவது அதே திணைக்களம் தன் முடிவை மீண்டும் பார்ப்பது, கேளுங்கள். நல்ல காரணம் இருந்தால் பிந்தியும் கேட்கலாம், மொத்தம் 13 மாதம் வரை. அதிலும் மறுத்தால் இன்னொரு மாதத்துக்குள் சுயாதீனத் தீர்ப்பாயத்துக்கு முறையிடலாம், கட்டணம் இல்லை. தொகையையும் சரிபாருங்கள். 400 பவுண் சம்பளம் விடுபட்டால் 400 பவுண் கடன் ஆகாது. யூனிவர்சல் கிரெடிட்டில் சம்பளத்தின் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ்தான் குறைப்பார்கள் என்பதால் அதிகபட்சம் 220 பவுண். தண்டனையின் அளவும் பெரிதும் இந்தத் தொகையில் தங்கியிருக்கிறது.

கடைசியாக, வழக்குக்குப் பதிலாக நிர்வாகத் தண்டம் கட்டச் சொல்லி ஒரு தாள் நீட்டப்படலாம். கூடுதலாக வந்த தொகையில் பாதி, குறைந்தது 350, கூடினால் 5,000 பவுண். அது கடனுக்கு மேலே கட்ட வேண்டிய பணம். பயத்தில் அந்த இடத்திலேயே கையெழுத்து வைக்காதீர்கள். வைத்துவிட்டாலும் மனம் மாற 14 நாள் இருக்கிறது. அந்த நாட்களுக்குள் தாளைச் சட்டத்தரணியிடம் கொண்டு போய்க் காட்டுங்கள்.