வேலியும் பயிரும்: ஒரு வியட்நாம் படம் பற்றி

(எங்கள் ஊர்த் திரைப்பட ரசிகர்களின் மாதக் கூட்டத்தில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசைக்கு வந்திருக்கும் வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, கேட்காமலே இந்த மாதமும் புரொஜெக்டரைத் தூக்கிவந்த ஸ்டுடியோ அண்ணாச்சி அவர்களே, மின்விசிறிக்கு நேர்கீழே இடம்பிடித்துவிட்ட பென்ஷன் நண்பர்களே, வணக்கம். நூலகர் ஐயாவை விட்டுவிட்டேன். அவர் சாவி தராவிட்டால் நாம் எல்லோரும் இப்போது தெருவில்தான் நிற்போம். அவருக்குத் தனி வணக்கம்.

கதை, நாயகன், இசை என்று மூன்று விஷயம் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

படத்தின் பெயர் 'வான் பாய் லத் ஙூவா'. மல்லாத்திப் போட்ட சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளை, எட்டுப் பாகம், 1982 முதல் 1987 வரை வந்தது. எழுதியவர் திரான் பாக் டாங். தென் வியட்நாமின் தலைநகரான சைகோனில் தலைமறைவாக இருந்து கம்யூனிஸ்டுக் கட்சி வேலை பார்த்தவர். அதனால் ஒற்றன் எப்படி நடப்பான், எப்போது சிரிப்பான் என்பதை அவர் யாரிடமும் கேட்கவேண்டி இருக்கவில்லை.

நாயகன் லுவான். கம்யூனிஸ்டு ஒற்றன், ஆனால் தென் வியட்நாம் அதிபர் தியெம் குடும்பத்தின் செல்லப்பிள்ளை. இது கற்பனை இல்லை. அசல் ஆள் பாம் ஙோக் தாவ். கத்தோலிக்கக் குடும்பம், தியெமின் அண்ணன் பிஷப் துக்கின் ஆதரவில் மேலே வந்தவர். கிராமத்தைச் சுற்றி வேலிபோட்டு மக்களை உள்ளே வைக்கும் திட்டம் 1962-இல் வந்தபோது, 'வேகமாகப் போடுங்கள்' என்று தூண்டியவர்களில் அவரும் ஒருவர். வேகம் கூடக்கூட விவசாயிக்கு அரசின்மேல் ஆத்திரம். வேலியே பயிரை மேய்ந்த கதை!

அதைவிடப் பெரிய மேய்ச்சல் ஒன்று உண்டு. 1963. தளபதிகள் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்ப்பதாக அதிபரின் தம்பி நூவுக்கு மோப்பம் தட்டுகிறது. மனுஷன் என்ன செய்தார்? நாமே ஒரு பொய்க் கலகம் நடத்துவோம் என்றார்! நம் ஆட்களே கலகக்காரர் வேஷம் போடுவார்கள், ஊர் அல்லோலகல்லோலப்படும், அப்புறம் நம் படையே வந்து அடக்கும், அண்ணன் தியெம் வெற்றி வீரராகத் திரும்புவார். திட்டத்துக்குப் பெயர் 'பிராவோ'. பொறுப்பு யாரிடம்? சைகோன் காவலுக்குப் பொறுப்பான தளபதி டின்னிடம். அவருக்கோ உள்துறை மந்திரி ஆசை. கேட்டார், கிடைக்கவில்லை. நிஜக் கலகக்காரர்கள் அதற்குள் அவரை வளைத்துவிட்டார்கள். நவம்பர் 1 மதியம் சைகோன் தெருவில் டாங்கி உருள்கிறது. அரண்மனையில் நூ பதறவே இல்லை. 'நம்ம நாடகம் ஆரம்பிச்சாச்சு' என்று இருக்கிறார்! டின்னுக்குப் போன் மேல் போன். டின் கிடைக்கவில்லை. மறுநாள் காலை அண்ணனும் தம்பியும் ஒரு கவச வண்டிக்குள் பிணம். யார் காவலோ அவரே மேய்ந்தார். வேலியே பயிரை... சரி, நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

தாவும் தப்பவில்லை. 1965-இல் இன்னொரு கலகத்தில் இறங்கித் தோற்று, பிடிபட்டுச் செத்தார். லுவானாக நடித்த சான் தின் பாடகரும்கூட. அந்தக் குரலை வைத்து நிறையச் சொல்லலாம். நேரமாகிவிட்டது.

ஏனென்றால் இன்னொன்று சொல்லியாக வேண்டும். போன மாதம் பின்வரிசை ஆச்சி ஒருவர் பாதிப் படத்தில் எழுந்து போனார். 'எழுத்து இங்கிலீஷ்ல ஓடுதுய்யா, நான் எங்க ஓடுறது?' என்றார். படம் புரியத்தான் சப்டைட்டில். அதுவே ஆளை வெளியே அனுப்பினால்? மறுபடி வேலிதான், பயிர்தான். இந்த எட்டுப் பாகத்துக்கும் தமிழ் சப்டைட்டில் நாமே போடுவோம். பாகத்துக்கு மூன்று பேர் போதும். ஒருவர் மொழிபெயர்க்க, ஒருவர் நேரம் பொருத்த, ஒருவர் பிழை பார்க்க. வாசலில் கோடுபோட்ட நோட்டு வைத்திருக்கிறேன். வார்டு உறுப்பினர் அம்மா முதல் பெயர் எழுதுவதாகச் சொன்னார். பேனா என்னிடம் இருக்கிறது, வாங்கம்மா.