எந்திரம் கடைசியில் வரட்டும்

வணக்கம் நேயர்களே. நம் மொரீஷியஸ் தீவில், மேட்டு நிலத்து ஊரான கியூர்பிப்பில் குடையோடு பஸ் ஏறியவர் கடலோரத் தலைநகர் போர்ட் லூயியில் வெயிலில் கண் கூச இறங்குவது நமக்குப் பழகிய காட்சி. தென்கிழக்குக் காற்று மேட்டு நிலத்தில் ஏறிக் குளிர்ந்து மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் இறங்குவது காய்ந்த காற்று. பஸ் ஜன்னல் வழியே நாம் தெரிந்துகொள்ளும் இதைக் கணினிக்கு எப்படிச் சொல்வது? அந்த வேலையைத்தான் கணக்கீட்டு அறிவியலும் பொறியியலும் என்கிறோம். கணினி அறிவியல் வேறு. அது கணினியைப் பற்றிய படிப்பு. இது காற்று, வெள்ளம், பாலம், கரும்பு வயல் என்று வெளியே இருப்பதைக் கணினியில் போட்டுப் பார்க்கிற படிப்பு.

இதற்கென்று பல்கலைக்கழகத்தில் தனிப் பள்ளி அமைப்பது புது யோசனையும் அல்ல. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் 2005-இல் ஒரு பிரிவாகத் தொடங்கி 2010-இல் தனிப் பள்ளியாக்கியது. ரெதுய்யில் நம் மொரீஷியஸ் பல்கலைக்கழகம் 1965-இல் வேளாண்மை, நிர்வாகம், தொழில்நுட்பம் என்ற மூன்று பள்ளிகளோடுதான் பிறந்தது. தீவுக்கு எது தேவையோ அதற்கு ஒரு பள்ளி என்பது அன்றைய கணக்கு. இன்று அப்படி ஒன்று தொடங்கினால் முதலில் என்ன செய்வது? பெரிய கணினி வாங்குவது என்பார்கள். வேண்டாம். எந்திரம் கடைசியில் வரட்டும்.

ஏன் என்று சொல்கிறேன். வானிலைக் கணக்கில் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு காற்று, ஒரு வெப்பநிலை. கட்டத்தின் பக்கம் 25 கிலோமீட்டர் என்றால் நம் தீவு முழுவதும் ஏறக்குறைய 3 கட்டத்தில் அடங்கிவிடும். கியூர்பிப்புக்கும் போர்ட் லூயிக்கும் ஒரே வானிலை! 820 மீட்டர் உயரமுள்ள பீட்டர் போத் மலை அந்தக் கணக்கில் இருக்கவே இருக்காது.

சரி, 1 கிலோமீட்டராகக் குறைப்போம். ஒரு பழைய கட்டத்துக்குள் 625 புதுக் கட்டங்கள். அதோடு போகாது. கட்டம் சிறுத்தால் நேர அடியும், அதாவது கணக்கு ஒரு தாவலில் கடக்கும் கால இடைவெளியும், சிறுக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று ஒரே அடியில் கட்டத்தைத் தாண்டிக் குதித்துக் கணக்கு வெடித்துவிடும். இது 1928-இலேயே தெரிந்த விதி. ஆக, அடிகள் 25 மடங்கு. 625-ஐ 25-ஆல் பெருக்குங்கள்: 15,625. ஒரு நிமிடத்தில் முடிந்த கணக்குக்குப் பத்து நாளுக்கு மேல் ஆகும். புயல் வந்துபோய், பறந்த தகரத்தைத் தேடி எடுத்துக் கூரையில் அடித்து முடித்தபின் முன்னறிவிப்பு வரும். ஆகவே எங்கே கட்டம் நுணுக்கமாக வேண்டும், எங்கே வேண்டாம் என்று தெரிந்த ஆள்தான் முதல் தேவை.

தெரியாவிட்டால்? 1991 ஆகஸ்டில் நார்வேயில் ஸ்லெய்ப்னர் எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடிப்பகுதி உடைந்து கடலடியில் போய்விட்டது. அதை வடிவமைத்த கணினிக் கணக்கில், சுவர்கள் கூடும் இடத்தில் கட்டங்களைச் சரியாக அமைக்காததால், சுவரைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் வெட்டு விசை 47 சதவீதம் குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது. கணினி பழுதாகவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னது, அவ்வளவுதான்.

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சனைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க மனம் வராது. இங்கிலாந்துக்காரர். முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டியபடியே, 1910 மே 20-ஆம் தேதிக்கான வானிலையைக் கையால் கணக்கிட்டார். ஆறு மணி நேர வானிலைக்கு ஏறக்குறைய ஆறு வார உழைப்பு. 1917-இல் ஒரு சண்டையின்போது அந்தத் தாள்கள் காணாமற்போய், சில மாதம் கழித்துப் பெல்ஜியத்தில் கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தன. விடையோ, அழுத்தம் ஆறு மணி நேரத்தில் 145 மில்லிபார் ஏறும் என்றது. புயல் நாட்களில் இதே வானொலியில் மில்லிபார் கேட்டுப் பழகிய உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், அது நடக்கிற காரியமல்ல. அன்று உண்மையில் அழுத்தம் அசையவே இல்லை. ஆனாலும் மனிதர் மறைக்கவில்லை. 1922-இல் நூலில் அப்படியே அச்சிட்டார்.

பிழை எங்கே? கூட்டல் கழித்தலில் இல்லை. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்றளவும் அழுத்த அளவும் ஒன்றோடொன்று இசையவில்லை. பிற்காலத்தில் பீட்டர் லிஞ்ச் என்ற வானிலை அறிஞர் அதே அளவுகளை முதலில் சமன்செய்துவிட்டுக் கணக்கிட்டபோது மாற்றம் ஒரு மில்லிபாருக்குள் நின்றது. விடையைச் சந்தேகிக்கும் இந்தப் பழக்கத்தைத்தான் புதிய பள்ளி முதலாண்டிலேயே ஊட்ட வேண்டும். முதலில் பென்சில், பிறகு பைத்தான் என்ற நிரல் மொழி, அதன்பின் சி பிளஸ் பிளஸ் அல்லது ஃபோர்ட்ரான் மொழி. எந்தக் கணக்கையும் 4, 2, 1 கிலோமீட்டர் என மூன்று கட்ட அளவில் ஓட்டிக் காட்டாமல் மதிப்பெண் கிடையாது. கணக்கு இரண்டாம் படி முறையில், அதாவது பிழை கட்டப் பக்கத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து குறையும் முறையில், என்றால், கட்டம் பாதியாகும்போது பிழை நான்கில் ஒன்றாக வேண்டும். ஆகவில்லையா, நிரலில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

எடுத்துக்கொள்ளும் சிக்கல் நம் ஊருடையதாக இருக்கட்டும். 2013 மார்ச் 30-இல் போர்ட் லூயி வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். தெருவெள்ளத்தைக் கணக்கிட 25 மீட்டர் கட்டம் உதவாது. கால்வாயும் சுரங்க நடைபாதையும் அதற்குள் மறைந்துவிடும். 2 மீட்டர் வேண்டும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அலை நொடிக்கு 3 மீட்டருக்குச் சற்று மேல் ஓடும். ஆக நேர அடி 0.6 நொடியைத் தாண்டக் கூடாது. தண்ணீரே ஓடினால் இன்னும் குறைவு. இதற்குக் கணிதத் துறையும் வேண்டும், கட்டடப் பொறியாளரும் வேண்டும், குப்பை எந்த மதகை அடைக்கும் என்று அறிந்த நகராட்சி ஊழியரும் வேண்டும்.

கணினிக்குள் கணக்குப் போடும் சில்லுகளான செயலிகள் ஆயிரம் இருந்தால் ஆயிரம் மடங்கு வேகமா? கோயிலில் ஏழு கறிச் சாப்பாடு சமைக்கிறவர்களைக் கேளுங்கள். காய் நறுக்க நூறு பேர் உட்காரலாம், சோறு வேகிற நேரம் குறையாது. வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்க முடியாதென்றால், எத்தனை செயலி வைத்தாலும் பத்து மடங்குக்கு மேல் வேகம் வராது.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டே நிமிடம்தான். பேராசிரியர் நியமனத்துக்கு ஒரு வார்த்தை: இரண்டு துறைக்குப் பொதுவானவர் என்றால், பதவி உயர்வை எந்தத் துறை தீர்மானிக்கும் என்பதை வேலைக்கு எடுக்கும் முன்பே எழுத்தில் வையுங்கள். மாணவருக்கு இரண்டு துறையிலிருந்து இரண்டு வழிகாட்டிகள்.

கடைசியில் எந்திரம். 20 கிலோவாட் இழுக்கும் சிறு கணினித் தொகுதிகூட ஆண்டு முழுதும் ஓடினால் 175,200 யூனிட் மின்சாரம் தின்னும், குளிரூட்டல் தனி. மூன்றாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை வரும் நாளில்தான் கணக்கு அவசரமாகத் தேவைப்படும், கரண்டும் அன்றுதான் போகும். அதனால் மணிக்கு ஒருமுறை, அதுவரை முடிந்த கணக்கின் இடைநிலையைச் சேமிக்கும்படி நிரல் எழுதவும், ஜெனரேட்டருக்கு டீசல் வைக்கவும்... நேரமாகிவிட்டது. வணக்கம்.