படகு இழுக்கும்போது இடது பக்க மோட்டார் சைக்கிள் தெரியவில்லை: நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். புக்கிட் மெர்தாஜாமில் இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார்: "என் ஹைலக்ஸ் பிக்கப் வண்டியில் டிரைலர் மாட்டி, படகை ஏற்றிக்கொண்டு பினாங்கு பாலம் வழியாக பாத்து மாவுங் போவேன். சைட் மிரரின் மேல் பட்டையால் கட்டி மாட்டுகிற டோவிங் மிரர் இரண்டு வாங்கிப் போட்டுவிட்டேன். அப்படியும் இடது பக்கம் வருகிற மோட்டார் சைக்கிள் கடைசி நேரத்தில்தான் தெரிகிறது. இன்னும் பெரிய கண்ணாடி வாங்க வேண்டுமா?"

அண்ணே, வாங்குவது அப்புறம் இருக்கட்டும். இப்போது இருக்கிற கண்ணாடி எதைக் காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். படகு இழுக்கிற பல வண்டிகளில் கண்ணாடியின் பாதியைப் படகே அடைத்துக்கொண்டிருக்கும். படகு பத்திரமாக வருகிறதா என்கிற கவலையில் கண்ணாடியை உள்பக்கம் திருப்பி வைத்துவிடுகிறோம். கட்டிய படகு எங்கே போகப்போகிறது? நீங்கள் பார்க்க வேண்டியது அதன் ஓரமாக வருகிற ஆளை.

கண்ணாடியை எப்போது சரிசெய்வது என்பதும் முக்கியம். டிரைலரை மாட்டி, படகு, இன்ஜின், ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றிய பிறகுதான் செய்ய வேண்டும். டிரைலரின் பாரம் கொக்கியில் உட்காரும்போது ஹைலக்ஸின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கும். வெறும் வண்டியில் சரியாக வைத்த கண்ணாடி அப்போது ரோட்டைத்தான் காட்டும், தூரத்தில் வருவது மேலே மறைந்துவிடும். அதனால் சமதளமான இடத்தில், வண்டியும் டிரைலரும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கிறபடி நிறுத்துங்கள். சீட்டை எப்போதும் ஓட்டுகிற நிலையில் வைத்து, முதுகை நன்றாகச் சாய்த்து உட்காருங்கள். மாட்டுகிற கண்ணாடியைக் கையால்தான் திருப்ப முடியும். இடது பக்கத்துக்கு எட்டி எட்டித் திருப்பினால் உங்கள் தலை நகர்ந்துவிடும், அளவு தப்பும். வெளியே ஓர் ஆளை நிறுத்தி, நீங்கள் சீட்டில் இருந்தபடியே "இன்னும் கொஞ்சம் வெளியே, கொஞ்சம் மேலே" என்று சொல்லுங்கள்.

எவ்வளவு தெரிய வேண்டும்? கண்ணாடியின் உள் ஓரத்தில் படகின் பக்கவாட்டு ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தால் போதும். மீதி முழுவதும் ரோடு. ரோடும் வானமும் சந்திக்கிற கோடு கண்ணாடியின் நடுவுக்குச் சற்று மேலே இருக்கட்டும். சிலவற்றில் கீழே இன்னொரு சின்னக் குவிக் கண்ணாடி (வெளிப்பக்கம் வளைந்தது) இருக்கும். அதில் டிரைலரின் சக்கரமும் பக்கத்துக் கோடும் தெரிய வேண்டும். இடது பக்கம் திரும்பும்போது டிரைலர் சக்கரம் நம் வண்டி போன தடத்தை விட உள்ளே வெட்டி வரும். அது ஓரக்கல்லில் ஏறுகிறதா, ஓரத்தில் நிற்கிற மோட்டாரை நெருங்குகிறதா என்று இந்தச் சின்னக் கண்ணாடிதான் சொல்லும்.

இப்போது சோதித்துப் பார்ப்போம். ஒரு கப்சாயை (சின்ன மோட்டார் சைக்கிள்) எடுத்து, நண்பரை டிரைலரின் இடது பின் மூலைக்கு அருகே, ஒரு கை தூரம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மோட்டாரை மெதுவாக முன்னால் தள்ளிக்கொண்டு உங்கள் வண்டியின் இடது முன் கதவு வரைக்கும் வரட்டும். கண்ணாடியில் இருந்து மறைவதற்குள் உங்கள் ஓரக் கண்ணில் பட வேண்டும். நடுவில் எங்கேயாவது காணாமல் போனால் அதுதான் உங்கள் பிரச்சினை. கண்ணாடியை ஒரு நூல் வெளியே திருப்பிவிட்டு மறுபடி தள்ளச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் கேரவன் இழுப்பவர்களுக்கு ஓர் அளவு உண்டு: ஓட்டுநருக்கு 20 மீட்டர் பின்னால், கேரவனின் பக்கத்தில் இருந்து 4 மீட்டர் அகலம் தெரிய வேண்டும். நம் ஊருக்கான சட்டம் இல்லை, ஆனாலும் நல்ல அளவு. காலால் அளந்து நண்பரை அங்கேயும் நிற்க வைத்துப் பாருங்கள்.

இடது பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை என்றால், நாம் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம். இடது கண்ணாடி கண்ணுக்குத் தூரம். தட்டையான கண்ணாடி தூரம் போகப் போகக் குறைவாகத்தான் காட்டும். அதனால் இடது பக்கத்துக்குக் குவிக் கண்ணாடி நல்லது. ஒன்று மட்டும் மனதில் வையுங்கள், அதில் எல்லாமே சின்னதாக, தூரத்தில் இருப்பது மாதிரித் தெரியும். தூரத்தில் வருகிறது என்று நினைக்கிற மோட்டார் பக்கத்திலேயே இருக்கும். சிக்னலைப் போட்டுவிட்டு ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்த பிறகே தடம் மாறுங்கள். எவ்வளவு நன்றாக வைத்தாலும் டிரைலருக்கு நேர் பின்னால் ஒட்டி வருகிறவன் எந்தக் கண்ணாடியிலும் விழமாட்டான், அதையும் கணக்கில் வையுங்கள்.

வண்டிக் கண்ணாடியில் ஒட்டுகிற கருப்புத்தாளையும் (டின்ட்) சொல்ல வேண்டும். சைட் மிரரை நாம் முன் கதவுக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறோம். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) விதிப்படி முன் கதவில் குறைந்தது 50 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வர வேண்டும். அதைவிடக் கருப்பாக ஒட்டியிருந்தால், விடியற்காலையில் மீன்பிடிக்கக் கிளம்பும்போது மழையும் சேர்ந்துகொண்டால், எந்தக் கண்ணாடியாலும் பலன் இல்லை. முதலில் அதைக் கிழித்துவிடுங்கள்.

பாலத்தில் காற்று அடிக்கும்போது பட்டை கட்டிய கண்ணாடி நடுங்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியும்விடும். பாலம் ஏறுவதற்கு முன்னால் எங்கேயாவது ஓரமாக நிறுத்தி, பட்டையை இழுத்து இறுக்கிவிட்டு ஒரு பார்வை பாருங்கள்.

சரி, பெரிய கண்ணாடி வேண்டுமா? டேப் எடுத்துப் படகின் அகலமான இடத்தை அளந்து பாருங்கள். கண்ணாடி அதைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போதும், வாங்க வேண்டாம். அதற்குள்ளேயே நின்றுவிட்டால் மட்டும் நீளமான கை உள்ளதாக வாங்குங்கள். படகுத்துறையில் படகை இறக்கி, டிரைலரைக் கழற்றியதும் கண்ணாடியையும் கழற்றி சீட்டுக்குப் பின்னால் போட்டுவிடுங்கள். நெரிசலில் இடுக்கில் புகுந்து வருகிற மோட்டார் பிள்ளைகளின் ஹேண்டில் சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கிறது.