கிழக்குத் திமோர் ஆசியானில் சேர 14 ஆண்டுகள் ஆனது ஏன்?

வணக்கம் நண்பர்களே. 2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் கூடிய உச்சி மாநாட்டில், கிழக்குத் திமோர், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் 11-ஆவது உறுப்பு நாடாகச் சேர்ந்தது. அந்நாடு முறைப்படி விண்ணப்பித்தது 2011-இல். ஏறத்தாழ 14 லட்சம் மக்கள் வாழும் சிறிய நாட்டுக்கு இத்தனை காலம் பிடித்தது ஏன் என்பதுதான் இன்றைய காணொளி.

ஆசியான் சாசனத்தின் 6-ஆவது பிரிவு நான்கு நிபந்தனைகளையே விதிக்கிறது: நாடு தென்கிழக்காசியாவில் அமைந்திருக்க வேண்டும், உறுப்பு நாடுகள் அனைத்தும் அதை அங்கீகரித்திருக்க வேண்டும், சாசனத்துக்குக் கட்டுப்பட அது இசைய வேண்டும், உறுப்பினருக்குரிய கடமைகளை நிறைவேற்றும் திறனும் விருப்பமும் அதற்கு இருக்க வேண்டும். முதல் நிபந்தனையின் வலுவை அறிய, திரையில் உள்ள வரைபடத்தில் பாப்புவா நியூ கினியைப் பாருங்கள். இந்தோனேசியாவுடன் நில எல்லையைப் பகிர்ந்துகொண்டும், 1976 முதல் பார்வையாளராக இருந்தும், அது இன்னும் உறுப்பினராகவில்லை.

கிழக்குத் திமோரைக் காக்க வைத்தது நான்காவது நிபந்தனை. திறன் என்பதற்குச் சாசனத்தில் அளவுகோல் எதுவும் இல்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் போதும் என்று சொல்லும்வரை அது போதாது. ஆனாலும் நீண்ட காலம் சிங்கப்பூர் காட்டிய தயக்கத்தை வெறும் பிடிவாதம் என்று நான் ஒதுக்க மாட்டேன். செயலகத்தின் செலவை, சிங்கப்பூரானாலும் லாவோஸானாலும், எல்லா நாடுகளும் சமமாகவே ஏற்கின்றன. ஆண்டு முழுவதும் நடக்கும் நூற்றுக்கணக்கான கூட்டங்களுக்கு அதிகாரிகளை அனுப்ப வேண்டும். அலுவல் மொழியோ ஆங்கிலம். தேத்துமும் போர்த்துகீசியமும் ஆட்சிமொழிகளாக உள்ள, 2002-இல்தான் விடுதலை பெற்ற நாட்டுக்கு இது எளிய சுமையன்று. அதனால்தான் 2022-இல் புனோம் பென்னில் கொள்கையளவில் ஒப்புதலும் பார்வையாளர் தகுதியும் அளித்துவிட்டு, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்திய செயல்திட்டத்தை 2023-இல் கையில் கொடுத்தார்கள்.

இறுதி முடிவை உச்சி மாநாடு ஒருமித்த கருத்தால் எடுக்கிறது, வாக்கெடுப்பு கிடையாது. 2023-இல், ஆசியான் உறுப்பு நாடான மியான்மரின் எதிர்த்தரப்பு அரசை கிழக்குத் திமோர் சந்தித்ததற்காக, அந்நாட்டின் தூதரக அதிகாரியை மியான்மர் ராணுவ ஆட்சி வெளியேற்றியதை நினைத்தால், ஒருமித்த கருத்து எவ்வளவு மெல்லிய நூல் என்பது விளங்கும்.

மக்களாட்சி அந்த நான்கு நிபந்தனைகளில் ஒன்றன்று என்பதையும் கவனியுங்கள். சாசனம் வருவதற்கு முன்பே, 1997 ஜூலையில், ராணுவ ஆட்சியின் கீழ் இருந்த மியான்மரைச் சேர்த்துக்கொண்ட ஆசியான், அதே மாதத்தில் இணைப் பிரதமர் ஹுன் சென் ஆட்சியைக் கைப்பற்றிய காரணத்தால் கம்போடியாவை நிறுத்தி வைத்தது. கம்போடியா 1999-இல்தான் உள்ளே வந்தது.